வீடு தேடிச் சென்ற விளக்கு

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றதும் நம் கண்முன் தோன்றுவது ஒரு விளக்கு. போரில் புண்பட்ட வீரர்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும் மருத்துவமனைக் கூடத்தில், நள்ளிரவில், கையில் விளக்கேந்தி நடந்து செல்லும் மெல்லிய உருவம். பள்ளிப் பருவத்திலேயே பாடநூல்களின் வாயிலாக நம் உள்ளத்தில் பதிந்துவிட்ட ஓவியம் அது. ஆனால் அது அவருடைய வாழ்வில் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தின் ஓவியம். போர் முடிந்து தாயகம் திரும்பிய பின் அவர் மேலும் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நீண்ட காலத்தில் அவர் செய்தது என்ன என்பதை நம்மில் பலர் அறியோம்.

முதுமையாலும் நோயாலும் தளர்ந்தவர்கள் தம் வீட்டிலேயே, தம் மக்களிடையே, தம் விருப்பப்படி வாழ்வதற்குச் சமுதாயம் என்ன உதவி செய்ய வேண்டும்? இன்று உலக நாடுகள் பலவும் எண்ணிப் பார்க்கும் இக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை தேடியவர்களுள் அம்மையாரும் ஒருவர். அவ்வாறு விடை தேடிய நாள்களில் அவரே கட்டிலை விட்டு எழ இயலாத நோயாளியாக இருந்தார். அந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்வ மகள்

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், செல்வச் செழிப்புமிக்க ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தில் டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ஷயரில் ஒரு மாளிகை எனக் குடும்பத்திற்கு இரண்டு இல்லங்கள் இருந்தன. தந்தையாரே ஆசிரியராக அமர்ந்து கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தார். மகளின் மனமோ கணக்கிலும் புள்ளிவிவரங்களிலும் பெரிதும் ஈடுபட்டது.

பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அத்தொண்டு நோயாளரைப் பேணுவதே எனத் தெளிந்தபோது குடும்பத்தில் பெரும் புயல் எழுந்தது. அந்நாளில் மருத்துவமனைச் செவிலி என்றால் படிப்பற்றவள், குடிப்பழக்கம் உள்ளவள் என்பதே மக்களின் எண்ணம். மாளிகையில் வளர்ந்த மகள் அங்குச் செல்வதா எனத் தாயும் தமக்கையும் கலங்கினர். 1845இல் அவர் கேட்ட இசைவு மறுக்கப்பட்டது. தம்மை விரும்பிய நல்லார் ஒருவரின் மணவேண்டுதலையும் மறுத்து, ஆண்டுகள் பல காத்திருந்தார். 1851இல் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சி பெறும் வாய்ப்புக் கிட்டியது.

1853இல் இலண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற நடுத்தரக் குடும்பப் பெண்களுக்கான சிறிய மருத்துவ இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். பிறர் வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்து, உடல் நலிந்தபின் போக்கிடமற்றுப் போன ஆசிரியைகள் பலர் அங்குத் தங்கினர். பொறுப்பேற்குமுன் அம்மையார் கேட்ட வசதிகள் நம் கவனத்திற்கு உரியவை. மாடிகள்தோறும் குழாயில் வெந்நீர் வரவேண்டும். உணவைக் கீழிருந்து மேலே ஏற்ற ஒரு தூக்கி வேண்டும். எந்த நோயாளி மணியடித்தார் எனத் தாழ்வாரத்திலேயே தெரியும்படி மணிகள் அமைய வேண்டும். செவிலியின் கால்கள் மாடிப்படிகளில் தேய்ந்து போனால் நோயாளிக்கு அவள் தரும் நேரம் குறைந்துவிடும் அன்றோ! உதவி செய்பவரின் உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த நுண்ணறிவு அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

போர்க்களமும் பின்விளைவும்

கிரிமியப் போர் மூண்டது. 1854 அக்டோபரில், போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் அம்மையார் துருக்கிக்குப் புறப்பட்டார். ஸ்கூட்டரி மருத்துவமனையில் அவர் கண்ட காட்சிகளும் ஆற்றிய அரும்பணியும் உலகறிந்தவை. ஆதலின் அவற்றை விரிக்காமல் செல்வோம். குண்டுக்கு இரையான வீரர்களைவிட நோய்க்கு இரையானவர்களே மிகப்பலர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சீர்செய்து காற்றோட்டத்திற்கு வழிவகுத்த பிறகுதான் இறப்பு பெருமளவில் குறைந்தது. இந்த உண்மையை அவர் பின்னர் புள்ளிவிவர வரைபடங்களாகத் தீட்டி அரசின் கண்களைத் திறந்தார். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

ஆனால் போர் அவரிடமிருந்து பெரும் விலையைப் பெற்றுக்கொண்டது. 1855 மே மாதத்தில் கடுங்காய்ச்சல் அவரைத் தாக்கியது. உயிர் தப்பினார், உடல்நலம் திரும்பவில்லை. 1856 ஆகஸ்டில் வரவேற்பு விழாக்களைத் தவிர்த்து, ஆரவாரமின்றி வீடு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே படுக்கையில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் என்னும் நோயின் நாட்பட்ட நிலையே அது எனப் பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். முதுகு வலி, நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை அவரை வாட்டின. சில ஆண்டுகள் நடக்கவும் இயலாமல், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பிறர் தூக்கிச் செல்லும் நிலையில் இருந்தார்.

கட்டிலே அலுவலகம்

இந்நிலையில் வேறொருவராயின் வாழ்வு முடிந்தது என்று இருந்திருப்பார். அம்மையாரோ கட்டிலையே அலுவலகமாக்கிக் கொண்டார். அத்தை ஒருவர் சில ஆண்டுகள் உடனிருந்து பேணினார். மருத்துவர் ஜான் சதர்லாந்து செய்திகளைத் திரட்டித் தந்தார். கவிஞர் ஆர்தர் ஹியூ கிளப், கடிதங்களைக் கட்டி அனுப்பும் எளிய பணியையும் தம் பணியாக ஏற்றார். அமைச்சர்களும் அதிகாரிகளும் அவர் வாயிலில் காத்திருந்தனர். படுத்தபடியே ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதினார். ஒருமுறையும் நம் நாட்டிற்கு வராமலே இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்தார். செவிலியத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு நூல் ஏழை எளிய வீடுகளையும் சென்றடைந்தது. மக்கள் திரட்டி அளித்த நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எழுந்து நடக்க இயலாத ஒருவர் ஒரு பேரரசின் சுகாதாரக் கொள்கையையே மாற்றியது எவ்வாறு இயன்றது? அவருடைய அறிவும் உறுதியும் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை மட்டும் போதுமா? தந்தையார் ஆண்டுதோறும் அளித்த 500 பவுன் பணம் இருந்தது. 1865இல் தந்தையார் இலண்டன் சவுத் தெருவில் வாங்கித் தந்த வீடு இருந்தது. சமைத்துத் தரவும், படுக்கை விரிக்கவும், வேண்டாதாரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தவும் ஆள்கள் இருந்தனர். யாரைக் காண்பது, எப்போது உண்பது, எதை எழுதுவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார். பிறர் உதவி அவருடைய உரிமையைக் குறைக்கவில்லை. அவ்வுதவியே அவருடைய உரிமையைக் காத்தது எனலாம்.

இதே நோய் இலண்டனில் ஓர் ஏழைத் தையற்காரிக்கு வந்திருந்தால்? அவள் சென்று சேரும் இடம் ஏழையர் விடுதி.

ஏழையர் விடுதி

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி இங்கிலாந்தில் ஏழையர் விடுதிகள் பெருகின. உழைக்கச் சோம்பும் ஏழைகள் அரசு உதவியை நாடாதபடி அச்சுறுத்துவதற்காகவே அங்கு வாழ்க்கை கடுமையாக்கப்பட்டது. சீருடை, கடின வேலை, எளிய உணவு, கணவன் ஒரு பகுதி, மனைவி ஒரு பகுதி. சோம்பேறிகளுக்கென எழுப்பிய அந்தச் சுவர்களுக்குள் நாளடைவில் வந்து நிறைந்தவர் யாவர்? முதியோர், நோயாளிகள், மனநலம் குன்றியோர், ஆதரவற்ற குழந்தைகள்! அவர்களைப் பேண வேண்டியவர்களோ அதே விடுதியில் வாழ்ந்த, எப்பயிற்சியும் இல்லாத பிற ஏழைகள்.

1864 டிசம்பரில், இலண்டன் ஹோல்பர்ன் விடுதியில் கவனிப்பாரின்றி நலிந்த டிமதி டேலி என்னும் தொழிலாளி உயிரிழந்தார். செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. அம்மையார் உடனே ஏழையர் நல வாரியத் தலைவர் வில்லியர்சுக்கு எழுதினார். நோயாளிகளையும் முதியோரையும் குழந்தைகளையும் உடல்வலிமை உள்ளோரிடமிருந்து பிரிக்க வேண்டும். அவர்களைப் பேணுவதற்கு நகர் முழுமைக்கும் ஒரே நிருவாகம் வேண்டும். செலவை எல்லாரும் பொது வரியாக ஏற்க வேண்டும். இம்மூன்றும் அவருடைய கோரிக்கைகள். நோய் ஒரு குற்றமன்று. ஆகவே நோயாளியைத் தண்டிப்பது அறமன்று என்பதே அவற்றின் அடிப்படை. 1867இல் இலண்டனுக்கென இயற்றப்பட்ட சட்டம் அவர் கேட்டவற்றுள் ஒரு பகுதியைத் தந்தது. அவருக்கு அது நிறைவளிக்கவில்லை. எனினும் தொடக்கம் கிடைத்துவிட்டது.

லிவர்ப்பூலில் மலர்ந்த எண்ணம்

இதற்கிடையே லிவர்ப்பூல் துறைமுக நகரில் வேறொரு விதை முளைத்திருந்தது. வில்லியம் ராத்போன் என்னும் வணிகர் 1859இல் தம் மனைவியை இழந்தார். மனைவியின் இறுதி நாள்களில் மேரி ராபின்சன் என்னும் செவிலி வீட்டிலேயே இருந்து பேணினார். செல்வரான தம் வீட்டிலேயே பயிற்சி பெற்ற ஒரு கை இவ்வளவு ஆறுதல் தந்ததென்றால், ஒன்றுமில்லாத ஏழையின் வீட்டில் அக்கை என்னென்ன செய்யாது என்று அவர் எண்ணினார். தம் செலவில் அச்செவிலியையே மூன்று மாதங்களுக்கு அமர்த்தி, நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்.

ஒரு மாதம் சென்றது. செவிலி கண்ணீருடன் திரும்பி வந்து தம்மை விடுவிக்குமாறு வேண்டினார். அவ்வளவு துன்பத்தை நாள்தோறும் காண அவரால் இயலவில்லை. ராத்போன் ஆறுதல் கூறி, குறித்த காலம் வரையேனும் தொடருமாறு கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தபோது அதே செவிலி இப்பணியை விட்டுப் போக மனமின்றி நின்றார். கைவிடப்பட்டவர் எனக் கருதப்பட்டோர் எழுந்து நடமாடுவதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார்.

இப்பணியை விரிவாக்க ராத்போன் விரும்பினார். ஆனால் பயிற்சி பெற்ற செவிலியர் எங்கே? 1861இல் அவர் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். செவிலியர் இல்லையென்றால் லிவர்ப்பூலிலேயே அவர்களை உருவாக்குங்கள் என்பது அம்மையாரின் அறிவுரை. ராத்போன் தம் பொருளைச் செலவிட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றை எழுப்பினார். சில ஆண்டுகளில் நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டாரத்திற்கு ஒரு செவிலி. அவருக்குத் துணையாக, வேண்டிய பொருள்களைத் திரட்டித் தரும் மேற்பார்வைப் பெண்மணி. வட்டாரச் செவிலியர் முறை இவ்வாறு பிறந்தது.

ராத்போன் அத்துடன் நிற்கவில்லை. ஏறத்தாழ 1,200 நோயாளிகள் அடைந்து கிடந்த பிரவுன்லோ ஹில் ஏழையர் விடுதிக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டுமெனக் கேட்டார். அம்மையார் தெரிந்தெடுத்தவர் ஆக்னஸ் ஜோன்ஸ். 1865இல் பன்னிரண்டு செவிலியருடன் அவர் அங்கு நுழைந்தார். குடிவெறியும் கூச்சலும் நிறைந்திருந்த கூடங்களில் தூய்மையும் ஒழுங்கும் வந்தன. மூன்றாம் ஆண்டிலேயே, 1868 பிப்ரவரியில், டைபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டு சென்றது. வயது 35 மட்டுமே. அம்மையாரின் துயருக்கு எல்லையில்லை. ஆனால் அத்தியாகம் வீண்போகவில்லை. பிற நகரங்களின் விடுதிகளும் பயிற்சி பெற்ற செவிலியரைக் கேட்கத் தொடங்கின.

வீட்டை நோக்கி

விடுதியைச் சீர்திருத்துவது ஒரு பணி. விடுதிக்கே போகாமல் காப்பது அதனினும் பெரிய பணி. மருத்துவமனை நாகரிக வளர்ச்சியில் ஓர் இடைநிலையே. நோயாளியை அவரது வீட்டிலேயே பேணுவதுதான் இறுதி இலக்கு என்னும் முடிவுக்கு அம்மையார் வந்திருந்தார். மருத்துவமனைகளுக்காகவே புகழ்பெற்ற ஒருவர் இம்முடிவுக்கு வந்தது எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

1874இல் இலண்டனில் ஏழை நோயாளிகளுக்குப் பயிற்சி பெற்ற செவிலியரை அனுப்புவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. பிளாரன்ஸ் லீஸ் என்னும் பெண்மணி அதன் தலைமைச் செவிலி ஆனார். மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி, அதற்குமேல் வீடுகளில் பணிபுரியத் தனிப்பயிற்சி என விதிகள் வகுக்கப்பட்டன. 1876 ஏப்ரலில் இச்சங்கத்திற்கு ஆதரவு வேண்டி அம்மையார் டைம்ஸ் நாளிதழில் நீண்ட கடிதம் எழுதினார். வீட்டுப் பேணுகை என்றால் என்ன என்பதற்கு அக்கடிதம் இன்றும் இலக்கணமாக விளங்கத்தக்கது. அதன் கருத்துகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, வட்டாரச் செவிலிக்கு மருத்துவமனைச் செவிலியைவிட மிகுதியான திறமை வேண்டும். மருத்துவமனையில் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உண்டு. ஏழையின் ஒற்றை அறையிலோ மருத்துவர் அருகில் இல்லை, வெந்நீர் இல்லை, சிலவேளை படுக்கையே இல்லை.

இரண்டாவது, செவிலி நோயாளியை மட்டுமன்றி அறையையும் பேண வேண்டும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, சன்னலைத் திறந்து, தரையைத் துடைத்துக் காட்ட வேண்டும். ஒருமுறை தூய்மையான அறையைக் கண்ட குடும்பத்தார், அதை மீண்டும் அழுக்காக விட நாணுவர். அறையைப் பேணும் கலையை அவர்களும் கற்றுக்கொள்வர்.

மூன்றாவது, செவிலி பிச்சையிடுபவள் ஆகிவிடக் கூடாது. அவள் காசு கொடுக்கத் தொடங்கினால் குடும்பம் அவள் கையையே எதிர்நோக்கும். பேணும் பணி பின்னுக்குப் போகும். உணவோ துணியோ தேவைப்பட்டால் அதற்குரிய அமைப்பிடம் அவள் சொல்ல வேண்டும். கழிவுநீர் தேங்கினால் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குடும்பம் தன் காலில் மீண்டும் நிற்க உதவுவதே அவள் கடமை.

நான்காவது, செவிலிக்கும் நல்ல இல்லம் வேண்டும். நாள் முழுதும் பிறர் துன்பத்தைச் சுமந்து வருபவளுக்கு மாலையில் சூடான உணவும் தனியறையும் தோழமையும் இல்லையென்றால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? ஹார்லி தெருவில் செவிலியின் கால்களைப் பற்றிக் கவலைப்பட்ட அதே உள்ளம் இங்கும் பேசுகின்றது.

1887இல் விக்டோரியா அரசியாரின் பொன்விழாவுக்கு மகளிர் திரட்டி அளித்த நிதியிலிருந்து 70,000 பவுன் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. வட்டாரச் செவிலியரைப் பயிற்றும் நிறுவனம் நாடு முழுமைக்கும் உருவாயிற்று. 1892இல் பக்கிங்ஹாம்ஷயர் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்குச் சுகாதாரம் கற்பிக்கும் பெண்களைப் பயிற்றுவிக்கும் முயற்சிக்கும் எழுபதைக் கடந்த அம்மையாரே வழிகாட்டினார்.

தாய்க்கு ஆற்றிய கடன்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தம் வீட்டை மறந்தவர் அல்லர் அம்மையார். 1874இல் தந்தையார் மறைந்தார். குடும்ப வாரிசு உரிமைப்படி இரண்டு மாளிகைகளும் உறவினர் கைக்குச் சென்றன. தாயாரோ மூப்படைந்து, பார்வை மங்கி, நினைவும் தடுமாறும் நிலையில் இருந்தார். இளமையில் தம் விருப்பத்திற்குத் தடையாக நின்ற அதே தாயை, தாமும் நோயாளியாக இருந்தும், அம்மையார் பேணினார். பழகிய இடத்திற்குச் செல்ல வேண்டும் என்னும் தாயின் ஏக்கத்தை உணர்ந்து, டெர்பிஷயரின் பழைய இல்லத்திற்கு அழைத்துச் சென்று உடன் தங்கினார். 1880இல் தாயார் இயற்கை எய்தினார். அவ்வூரில் தங்கிய நாள்களில் நோயுற்ற சிற்றூர் மக்களின் வீட்டிற்கே மருத்துவர் செல்வதற்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். பாலும் இறைச்சியும் அனுப்பச் செய்தார்.

குறைகளும் அவரிடம் இல்லாமல் இல்லை. நோய்க்கிருமிகளைப் பற்றிய புதிய அறிவியலை அவர் நெடுங்காலம் ஏற்கத் தயங்கினார். செவிலியரை அரசுப் பதிவேட்டில் பதியும் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். தம்முடன் உழைத்தவர்களை இரக்கமின்றி வேலை வாங்கினார் என்பதும் உண்மை. பெரியோரின் குறைகளை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

அந்திப் பொழுது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய கண்பார்வை மறைந்தது. நினைவும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறர் படித்துக் காட்டக் கேட்டார். செவிலி ஒருவர் உடனிருந்து பேணினார். பிறரைப் பேணுவதற்கு உலகைப் பழக்கியவர், தாம் பேணப்படுவதை ஏற்றுக்கொள்ளப் பழகினார். 1907இல் அரசின் உயரிய ஆர்டர் ஆப் மெரிட் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. ஆயினும் விருது வந்ததை முழுதும் உணரும் நிலையில் அப்போது அவர் இல்லை.

1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், சவுத் தெருவில் தம் சொந்த அறையில், தம் சொந்தக் கட்டிலில், 90ஆம் வயதில் அம்மையாரின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. பேரரசர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. அவர் விருப்பப்படி குடும்பத்தார் அதை மறுத்துவிட்டனர். ஹாம்ஷயர் சிற்றூர்க் கல்லறையில் அவருக்கெனப் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் தொடங்கி வைத்த பயணம் நிற்கவில்லை. 1948இல் இங்கிலாந்தில் தேசிய நலவாழ்வுப் பணி நடைமுறைக்கு வந்தபோது, வீட்டிற்கே செவிலியை அனுப்புவது உள்ளாட்சி நலவாழ்வு நிருவாகங்களின் கடமை ஆயிற்று. அதே ஆண்டில் பழைய ஏழையர் சட்டம் ஒழிந்தது. ஆக்னஸ் ஜோன்ஸ் உயிர்நீத்த ஏழையர் விடுதியும் அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு பேராலயம் நிற்கின்றது.

முடிவுரை

அம்மையார் பிறந்த மே 12ஆம் நாளை உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகின்றது. அந்நாளில் நாம் எண்ண வேண்டியது விளக்கை மட்டுமா? யாருடைய துணையும் இல்லாமல் வாழ்வதே தன்னுரிமை வாழ்வு என நம்மில் பலர் கருதுகின்றோம். அம்மையாரின் வாழ்வு வேறொன்றைக் கற்பிக்கின்றது. தளர்ந்த உடலுக்குத் துணை வேண்டும். அத்துணை அன்போடும் பயிற்சியோடும் வாயிற்படி ஏறி வர வேண்டும். வந்தபின், இது யாருடைய வீடு, யாருடைய வாழ்வு என்பதை அது மறவாதிருக்க வேண்டும். அம்மையாருக்குச் செல்வத்தால் கிட்டிய அந்த வாழ்வு ஏழைக்கும் உரிமையாகக் கிட்ட வேண்டும் என்பதற்காகவே அவர் கட்டிலில் கிடந்தபடி பல்லாண்டுகள் எழுதினார்.

மாணவ நண்பர்களே! நம் ஒவ்வொருவர் தெருவிலும் தனித்து வாழும் ஒரு முதியவர் உண்டு. அவருக்கு ஒரு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், ஒரு குடம் நீர் கொண்டு வரவும், ஒரு படிவத்தை நிரப்பித் தரவும் நமக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆனால் அவரிடம் கேட்டுச் செய்வோம். அவர் விரும்பும் வண்ணம் செய்வோம். இருளில் ஏந்திய விளக்கை வீட்டு வாயிலுக்கும் கொண்டுவந்த அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.